லண்டன் பென்ஷன், உப்புவெளி வேலை: எது எதைத் தடுக்கும்?

கேள்வி: லண்டனில் 28 வருடம் வேலை செய்து, 66 வயதில் ஓய்வு பெற்று, 2025 ஓகஸ்டில் திருகோணமலைக்குத் திரும்பி உப்புவெளியில் இருக்கிறேன். பிரித்தானிய அரச பென்ஷனும், பழைய கொம்பனியின் சிறிய பென்ஷன் ஒன்றும் வருகின்றன. தங்கச்சியின் மகன் விருந்தினர் விடுதி நடத்துகிறான், சம்பளத்துக்கு மனேஜராக வரச் சொல்கிறான். லண்டனில் தெரிந்த கடை முதலாளி ஒருவரும் கணக்கை இங்கிருந்தே ஒன்லைனில் பார்த்துத் தரக் கேட்கிறார். வேலை செய்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்களா? அறிவிக்க வேண்டுமா? என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டுமே உண்டு. நிலாவெளியில் அம்மாவின் பெயரில் காணி இருக்கிறது. அதில் இரண்டு அறை கட்டவும் எண்ணம்.

பதில்: நிறுத்த மாட்டார்கள். பிரித்தானிய அரச பென்ஷன் நீங்கள் கட்டிய நெஷனல் இன்ஷூரன்ஸ் (அரச சமூகக் காப்புறுதி) பங்களிப்புக்காக வருவது. பென்ஷன் வயதைத் தாண்டியபின் நீங்கள் எங்கே, எவ்வளவு உழைத்தாலும் அதில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. வேலைக்குப் போவதை அவர்களுக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கொம்பனி பென்ஷனும் பெரும்பாலும் அப்படியே. உடல்நலக் குறைவால் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட பென்ஷன் என்றால் மட்டும் அதன் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள். வேலை செய்ய முடியாது என்று சொல்லிப் பெற்ற பணத்துக்கு வேலை செய்வது இடைஞ்சலாகலாம்.

பென்ஷன்காரர் வேலை செய்யலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் பென்ஷன் கந்தோரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உங்கள் கடிதத்தில் உண்மையான சிக்கல் அங்கே இல்லை. “கடவுச்சீட்டு மட்டுமே” என்ற இடத்திலும், நீங்கள் கேட்காமலே விட்ட இன்னொரு இடத்திலும் இருக்கிறது. கேட்காததை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது அதில்தான்.

இலங்கையில் குடியிருப்பவருக்குப் பிரித்தானிய அரச பென்ஷன் கூடாமல் உறைந்து நிற்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே கூட்டும் தொகை ஐரோப்பிய நாடுகளில் இருப்பவர்களுக்கும், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் போல அதற்கான உடன்படிக்கை உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கும் போகும். இலங்கைக்கு அப்படி உடன்படிக்கை கிடையாது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்களுக்கே கூட்டிக் கொடுப்பதில்லை என்றால் நம்முடைய நிலையைப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2016இல் தொடங்கிய புதிய பென்ஷனை முழுதாகப் பெற 35 தகுதி ஆண்டுகள் (பங்களிப்புக் கணக்கில் சேரும் ஆண்டுகள்) வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்துக்கு முழுத்தொகை வாரம் 230.25 பவுணாக இருந்தது. 28 ஆண்டுக்கு அது 184.20. (2016க்கு முன் கொம்பனித் திட்டத்துக்காக அரச பென்ஷனின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருந்தால் தொகை கொஞ்சம் மாறும், உங்கள் கடிதத்தில் உள்ள எண்ணையே எடுங்கள்.) 2026 ஏப்ரலில் 4.8 வீதம் கூட்டினார்கள். லண்டனிலேயே இருந்திருந்தால் உங்கள் தொகை 193.04 ஆகியிருக்கும். இங்கே 184.20தான். அங்கே இப்போதுள்ள கொள்கைப்படி வருடம் குறைந்தது 2.5 வீதம் கூட்ட வேண்டும். அந்தக் குறைந்த அளவையே வைத்தாலும் பத்து வருடத்தில் 184.20 என்பது 235 பவுணைத் தாண்டும். அதாவது பத்தாவது வருடத்தில் மட்டும் உங்களுக்கு 2,600 பவுணுக்கு மேல் நட்டம். அதனால்தான் சொல்கிறேன்: வேலை செய்யலாமா என்று தயங்க வேண்டாம். 66 வயதில் இங்கே வந்து உட்காருபவருக்கு இன்னொரு வருமானம் ஆடம்பரமில்லை. கொம்பனி பென்ஷன் அந்தத் திட்டத்தின் விதிப்படியே கூடும், நாட்டைப் பார்ப்பதில்லை. அது கொஞ்சம் ஆறுதல்.

உறைந்ததற்கு மருந்தும் ஓரளவு உண்டு. பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும்போது முன்கூட்டியே பிரித்தானியாவின் சர்வதேச பென்ஷன் மையத்துக்கு அறிவித்தால், அங்கே நிற்கும் காலத்துக்கு அன்றைய கூடிய வீதத்தைக் கேட்டுப் பெறலாம். திரும்பி வந்ததும் பழைய தொகை. நிரந்தரமாகவே திரும்பிப் போனால் நிரந்தரமாகக் கூடும்.

இன்னொரு “மருந்து” ஊரில் சாதாரணமாகப் பேசப்படுகிறது: லண்டனில் ஹரோ போன்ற இடத்தில் மகன் வீட்டு விலாசத்தையே வைத்துக்கொண்டு, இங்கே இருப்பதைச் சொல்லாமல் இருப்பது. செய்யாதீர்கள். வேலையைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நாடு மாறியதைச் சொல்லியே ஆகவேண்டும். பிடிபட்டால் கூடக் கொடுத்த அத்தனையையும் திருப்பிக் கேட்பார்கள், மோசடி வழக்கும் வரலாம். பிரித்தானிய வரி அலுவலகத்துக்கு, நாட்டை விட்டுப் போனதை அறிவிக்கும் பி85 படிவத்தை அனுப்பவில்லை என்றால் அதையும் இப்போதே அனுப்புங்கள்.

விலாசம் சரியாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உயிர்வாழ் சான்றிதழ். அந்தப் படிவம் தபாலில் வரும். கையெழுத்திட்டு, அதில் சொல்லப்பட்ட பதவியில் உள்ள ஒருவரைச் சாட்சியாக வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். வேலைக்குப் போய்ப் பென்ஷன் நின்றவரை நான் கண்டதில்லை, இந்த ஒற்றைத் தாளை அனுப்பாமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். பெயர்ச் சிக்கலும் உண்டு. லண்டனில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகி கடைசியில் நிற்கும். இங்கே வங்கிப் புத்தகத்தில் அதே பெயர் முன்னால் வந்து இனிஷலாகச் சுருங்கிவிடும். பணம் அனுப்புபவருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். கணக்குத் திறக்கும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்லுங்கள்.

சரி, கடவுச்சீட்டுக்கு வருவோம். பிரித்தானியப் பிரஜையான நாளிலேயே உங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை தானாகப் போய்விட்டது. இங்கே பிறந்தவர் என்பதால் அது மிஞ்சுவதில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் இங்கே ஒரு வெளிநாட்டுக்காரர். சுற்றுலா வீசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 55 வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர்களுக்கென்று வதிவிட வீசா ஒன்று இருக்கிறது, அது ஓய்வாக இருக்கத்தான், உழைக்க இல்லை. மருமகனின் விடுதிதானே, யார் கேட்கப்போகிறார் என்று நினைக்க வேண்டாம். உப்புவெளியில் யார் எந்த விடுதியில் நிற்கிறார் என்பது சந்திக் கடை வரைக்கும் தெரியும். பக்கத்து விடுதிக்காரர் ஒரு முறைப்பாடு கொடுத்தால் போதும்.

உங்களுக்குச் சரியான வழி இரட்டைப் பிரஜாவுரிமை. பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 55 வயது தாண்டியவர் என்பதே ஒரு தகுதிப் பிரிவு; பட்டமோ பெரிய வைப்புப் பணமோ காட்டத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். போர்க்காலத்தில் ஆவணம் தொலைந்த குடும்பம் என்றால் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி எடுக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள், காலம் போவது அதில்தான். இரட்டைப் பிரஜாவுரிமை கிடைத்ததும் வீசாவும் வேண்டாம், வேலை அனுமதியும் வேண்டாம். பாராளுமன்றத் தேர்தலிலோ ஜனாதிபதித் தேர்தலிலோ மட்டும் நிற்க முடியாது. அந்த எண்ணம் உங்களுக்கு இல்லை என்று நம்புகிறேன்.

காணி விஷயமும் இதோடு ஒட்டியதுதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுதிக் கொடுக்க முடியாது. அம்மா தன் காணியை உங்களுக்கு நன்கொடை உறுதியாகவோ மரணசாசனமாகவோ தருவதற்கு, நெருங்கிய உரித்தாளர் என்பதால், விலக்கு உண்டு. ஆனால் பக்கத்துத் துண்டையும் சேர்த்து வாங்க நினைத்தால் இரட்டைப் பிரஜாவுரிமை கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். உறவினர் ஒருவரின் பெயரில் வாங்கிவைத்து அப்புறம் மாற்றலாம் என்ற யோசனை எந்தக் குடும்பத்தில் நல்லபடி முடிந்தது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். அறை கட்டப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று: கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம். நிலாவெளியில் பல காணிகள் அதற்குள் விழும். கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும், குச்சவெளிப் பிரதேச சபையின் கட்டட அனுமதியும் இல்லாமல் அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

வரி. எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாள் இங்கே இருந்தால் நீங்கள் இலங்கையின் வரி வதிவாளர். உங்களுக்கு அது ஏற்கனவே நிறைந்திருக்கும். வதிவாளரின் உலக வருமானம் முழுவதும் உள்நாட்டு இறைவரிச் சட்டத்துக்குள் வரும். வரி இலக்கம் எடுத்து, பென்ஷன் கடிதங்களையும் வங்கிக் கூற்றுகளையும் ஒரு கோப்பில் போட்டு வரி ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் முழு வரி கட்டாமலிருக்க 1979இல் செய்த இரட்டை வரி உடன்படிக்கை இருக்கிறது. விடுதிச் சம்பளத்தைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரலிலிருந்து வருடம் 18 இலட்சம் ரூபாய் தனிநபர் நிவாரணம் உண்டு. அதாவது மாதம் 150,000 ரூபாயைத் தாண்டாத சம்பளத்தில் முதலாளி வரி பிடிக்க மாட்டார்.

லண்டன் கடைக் கணக்கை எழுதும் வேலை, பணம் பவுணில் வந்தாலும், நீங்கள் உட்கார்ந்து செய்யும் இடத்தின் வருமானம். முதலாளி லண்டனில் இருப்பதால் அது லண்டன் வேலையாகிவிடாது. பிரித்தானியாவில் நெஷனல் இன்ஷூரன்ஸும் கட்ட வேண்டியதில்லை, பென்ஷனுக்கான தகுதி ஆண்டும் கூடப்போவதில்லை. இப்படி வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கு வங்கி வழியாக வரும் வெளிநாட்டுப் பணம் முன்பு வரியில்லாமல் இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அதற்கு அதிகபட்சம் 15 வீத வரி. அந்தச் சலுகை வீதம் வேண்டுமென்றால் பணம் வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்த காசுக்கு அத்தாட்சித் தாள் கிடையாது.

அமெரிக்கா, அவுஸ்திரேலியாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் இதை அப்படியே தங்களுக்குப் பொருத்த வேண்டாம். அமெரிக்க சோஷல் செக்கியூரிட்டி (அரச ஓய்வூதியம்) எடுப்பவர் முழு ஓய்வு வயதை (1960இலோ பின்னரோ பிறந்தவர்களுக்கு 67) எட்டாமல், அந்த நாட்டுச் சமூகக் காப்பு வரி கட்டாத வேலையை வெளிநாட்டில் மாதம் 45 மணித்தியாலத்துக்கு மேல் செய்தால் அந்த மாதப் பணத்தையே பிடித்துவிடுவார்கள். அவுஸ்திரேலிய முதியோர் பென்ஷன் வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது, நிலாவெளிச் சம்பளமும் அதில் கணக்கில் வரும். கனடாவின் இரண்டு பென்ஷன்களும் (வேலை செய்து கட்டியதற்கு வரும் சி.பி.பி.யும், முதியோர் பாதுகாப்புப் பணமும்) இங்கே இருந்தாலும் விலைவாசியோடு கூடும். ஆனால் முதியோர் பாதுகாப்புப் பணம் வெளிநாட்டில் தொடர்ந்து வர, 18 வயதுக்குப் பின் 20 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவோ ஆறு மாதத்தோடு நின்றுவிடும்.

உங்கள் விஷயத்தில் முதல் வேலை பத்தரமுல்லை விண்ணப்பம். அது கையில் வரும்வரை மருமகனிடம் சம்பளம் வாங்க வேண்டாம். லண்டன் கணக்கு வேலையையும் அதுவரை தள்ளிப்போடுங்கள், ஒன்லைன் வேலையும் வேலைதான். இங்கே சீசன் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைதான். ஒரு சீசன் தவறினாலும், வீசா விதியை மீறியவர் என்ற பெயரோடு பிரஜாவுரிமை கேட்டு நிற்பதைவிட அது மலிவு.