ஏதோ எரர்

அன்புள்ள மேடம்,

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. வீட்டில் கணினி கிடையாது, ஆண்ட்ராய்டு ஃபோன் மட்டும்தான். இந்த செமஸ்டரில் எங்களுக்கு லினக்ஸ் லேப். டெர்மினலை, அதாவது கமாண்டு அடிக்கும் திரையைத் திறந்தாலே எனக்குக் கை உதறுகிறது. முதல் நாள் சிடி ஸ்லாஷ் அடித்துவிட்டு, எம்கேடிர் போட்டு ரெக்கார்ட் என்று ஒரு டைரக்டரி (ஃபோல்டர்) உருவாக்கப் பார்த்தேன். ஏதோ எரர் வந்தது. மூடிவிட்டுத் திறந்து, சிடி ஸ்லாஷிலிருந்து மறுபடி போட்டேன். மறுபடியும் ஏதோ எரர். பக்கத்தில் இருந்த பையன் முன்னால் சூடோ போடு என்றான். போட்டேன், வேலை செய்தது. ஆனால் அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் சூடோ போட வேண்டியிருக்கிறது.

எத்தனை கமாண்டு மனப்பாடம் செய்தால் போதும்? ஒரு பட்டியல் தர முடியுமா? எந்த லினக்ஸ் நல்லது? ஏஐ-யிடம் கேட்டால் கமாண்டை எழுதியே தருகிறது, பிறகு இதை ஏன் கற்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப் போல ஆங்கிலம் வராதவர்களுக்கு இது வருமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு பரணிலிருந்து ஒரு தாள்கட்டை இறக்கித் தூசி தட்டினேன். இரண்டு ஓரமும் துளையிட்ட, பச்சைப் பட்டை போட்ட டாட் மேட்ரிக்ஸ் தாள். 1996-இல் அச்சிட்டது. அதைப் பார்த்ததிலிருந்து பழைய பிழைச்செய்தி ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தீர்கள்.

முதலில் திட்டிவிடுகிறேன். 'ஏதோ எரர்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏதோ என்றால் என்ன? திரையில் ஒரு வாக்கியம் வந்தது. அதை நீங்கள் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் தந்தி வந்தால், பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். வாசித்துச் சொல்ல ஆள் தேடி ஓடுவார்கள். ஒருமுறை பிரித்துப் பார்த்தால், மகனுக்கு வேலை கிடைத்த செய்தி. அதுவரை அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, அதனால் அழுதார். உங்களுக்குத் தெரியுமே!

அந்த வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பொறுமையாகப் பாருங்கள். உங்கள் திரையில் வந்தது அநேகமாக இதுதான்: 'எம்கேடிர்: கேனாட் கிரியேட் டைரக்டரி ரெக்கார்ட்: பெர்மிஷன் டினைட்'. நடுவில் இரண்டு முக்காற்புள்ளி. முதல் துண்டு பேசுகிறவரின் பெயர். நடுத்துண்டு, எதைச் செய்யப் போய் நின்றது என்பது. கடைசித் துண்டு காரணம். பேசுகிறவர் யார் என்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும். 'பாஷ்: எல்எஸ்எஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் பேசுவது பாஷ், அதாவது ஷெல்; நீங்கள் அடிப்பதை வாங்கி உரிய நிரலைக் கூப்பிடும் இடையாள். நீங்கள் கூப்பிட்ட பெயரில் ஆளே இல்லை என்கிறது. உடனே பார்க்க வேண்டியது எழுத்துப்பிழை. அதுவே, கோப்புப் பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ஸின் பெயரில் செய்தி வந்தால் எல்எஸ் ஓடியிருக்கிறது, நீங்கள் கொடுத்த கோப்புப் பெயரில்தான் கோளாறு. இரண்டும் வெவ்வேறு நோய். இரண்டையும் 'ஏதோ எரர்' என்று சொன்னால் எந்த வைத்தியரும் உதவ முடியாது.

இப்போது உங்கள் சூடோவுக்கு வருகிறேன். சிடி ஸ்லாஷ் அடித்த கணத்தில் நீங்கள் கோப்பு அமைப்பின் உச்சிக்குப் போய்விட்டீர்கள். அது ரூட் டைரக்டரி. சாதாரணப் பயனர் அங்கே எதையும் உருவாக்க முடியாது. எம்கேடிர் அதைத்தான் சொல்லியிருக்கிறது: இந்த இடத்தில் உனக்கு உரிமை இல்லை. இடம் மாற வேண்டிய நேரத்தில் நீங்கள் அதிகாரத்தை மாற்றினீர்கள். சூடோ போட்டதும் கட்டளை ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் ஓடியது. பிறந்த டைரக்டரிக்கு உரிமையாளரும் ரூட்தான், நீங்கள் இல்லை. அதனால்தான் மறுநாள் அதற்குள் ஒரு சின்னக் கோப்பு வைக்கவும் சூடோ கேட்கிறது. எல்எஸ் ஹைஃபன் எல் அடித்துப் பாருங்கள், மூன்றாவது நெடுவரிசையில் ரூட் என்று எழுதியிருக்கும். வெறும் சிடி மட்டும் அடித்தால் உங்கள் ஹோம் டைரக்டரிக்கு வந்துவிடுவீர்கள். பிடபிள்யூடி அடித்து எங்கே நிற்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு, அங்கே சூடோ இல்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். பக்கத்து இருக்கைப் பையனும் அந்த வரியை வாசிக்கவில்லை. அவனிடம் இனி யோசனை கேட்காதீர்கள்.

ஆங்கிலம் வருமா என்று கேட்டீர்கள். நானும் தமிழ்வழிதான். கல்லூரியில் முதல் மூன்று மாதம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன்: முதலாண்டு லேப்பில் உங்களுக்கு வரப்போகும் பிழைகளில் பெரும்பாலானவை ஏழே ஏழு வாக்கியங்களுக்குள் அடங்கும். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி': அப்படி ஒரு கோப்பே இல்லை. 'பெர்மிஷன் டினைட்': அனுமதி இல்லை. 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்': அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 'இஸ் எ டைரக்டரி': நீ கோப்பு என்று நினைத்தது டைரக்டரி. 'நாட் எ டைரக்டரி': நீ டைரக்டரி என்று நினைத்தது கோப்பு. 'டைரக்டரி நாட் எம்ப்டி': உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது. ஏழாவது, ஷெல் சொல்லும் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்'.

முதல் ஆறும் ஒவ்வொரு நிரலும் தன் போக்கில் பேசுவது அல்ல. லினக்ஸின் மையமான கர்னல் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. லினக்ஸில் 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 17 என்றால் ஏற்கெனவே இருக்கிறது, 21 என்றால் அது டைரக்டரி. எண்ணுக்குரிய வாக்கியத்தை நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி நூலகம் எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் நகல் எடுக்கும் சிபி சொன்னாலும் இடம் மாற்றும் எம்வி சொன்னாலும் கோப்பைக் காட்டும் கேட் சொன்னாலும் காரணம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது. இதற்கு இலக்கணம் வேண்டாம், உச்சரிப்பு வேண்டாம். ஏழையும் நோட்டில் ஒரு பக்கத்தில் எழுதி எதிரே உங்கள் தமிழில் எழுதுங்கள், என் தமிழில் அல்ல. ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் தாண்டிப் போவதை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் உங்கள் பழக்கம் இங்கே உங்களுக்குத் துணை.

வேலை சரியாக முடிந்தால் சிபியும் எம்வியும் ஒன்றுமே சொல்லாது. பல பிள்ளைகள் அந்த மௌனத்தைப் பார்த்துப் பதறி இரண்டாம் முறை அடிக்கிறார்கள். 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கியபோது கண்ணாடித் திரையில் அல்ல, டெலிடைப்பில் வேலை செய்தார்கள். மாடல் 33 என்ற அந்த இயந்திரம் நொடிக்குப் பத்து எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும். கட்டளைப் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருங்கியதிலும், வேண்டாத பேச்சு குறைந்ததிலும் அந்த இயந்திரத்துக்குப் பங்குண்டு. அதே தாம்சன்தான் 1992-இல் ராப் பைக்குடன் சேர்ந்து எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் பதிய உதவும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தை வடிவமைத்தார். இன்று உங்கள் டைரக்டரிக்கு 'அம்மா' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், எம்கேடிர் மறுக்காது. வைத்துப் பாருங்கள், பயம் கொஞ்சம் தெளியும்.

அந்தத் தாள்கட்டுக்கு வருகிறேன். நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரி. எஸ்சிஓ யூனிக்ஸ் ஓடும் ஒரே சர்வர், அதில் இணைந்த பன்னிரண்டு டெர்மினல்கள். வரிசை எண்படி எனக்கு ஜோடியாக வந்தவளோடு சேர்ந்து, பண்டகசாலை ஒன்றுக்குச் சம்பளப் பட்டியல் போடும் நிரலை சி மொழியில் எழுதினேன். 14 கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் டாட் பேக் என்று முடியும் ஒரு நகல். வட்டில் இடம் இல்லை, வேண்டாததை அழியுங்கள் என்று லேப்பில் அறிவிப்பு ஒட்டினார்கள். நகல்களை அழிக்கலாம் என்று நான் அடித்தேன்: ஆர்எம், ஓர் இடைவெளி, ஸ்டார், டாட் பேக். ஸ்டாருக்கும் டாட்டுக்கும் நடுவே இன்னோர் இடைவெளி விழுந்ததை நான் கவனிக்கவில்லை.

திரையில் ஒரே வரி: டாட் பேக் என்று ஒன்று இல்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நகல்கள் முன்பே அழிந்திருக்கின்றன போல, எதுவும் நடக்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, நீ ஸ்டார் டாட் பேக்குன்னுதான அடிச்ச? அது டாட் பேக் இல்லன்னு மட்டும் சொல்லுது. ஸ்டார் எங்க போச்சு?"

ஸ்டார் எங்கே போனது. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஆர்எம்முக்கு ஸ்டார் என்றால் என்னவென்று தெரியாது, ம. ஷெல்தான் அதை வாங்கி, டைரக்டரியில் உள்ள கோப்புப் பெயர்கள் அத்தனையாகவும் விரித்து ஆர்எம்மிடம் நீட்டுகிறது. ஆர்எம் கையில் 28 பெயர் வந்தது, கூடவே தனியாக டாட் பேக் என்று ஒன்று. 28-ஐயும் பேசாமல் அழித்தது. இல்லாத ஒன்றைப் பற்றி மட்டும் உண்மையைச் சொன்னது. நடந்தது முழுவதும் அந்த ஒரே வரியில் இருந்தது. நான் அதில் எனக்கு வேண்டியதை வாசித்தேன், அவள் இருந்ததை வாசித்தாள். இன்றுவரை ஸ்டார் வைத்து எதை அழித்தாலும், அதே பெயரை முதலில் எல்எஸ்-ஸுக்குக் கொடுத்து என்ன விரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்எம் அடிக்கிறேன்.

வாராவாரம் டேப்பில் நகல் எடுப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. டேப்பைப் போட்டுப் பார்த்தால் வெறுமை. யாரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. வரி தவறாமல் கையெழுத்துப் போட்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ரெக்கார்டில் ஒட்டுவதற்காக அதற்கு முந்தைய வாரம் நாங்கள் அச்சிட்ட தாள்கட்டு ஒன்றுதான் மிச்சம். நான்கு மாலைகள் அவள் ஒவ்வொரு அடைப்புக்குறியும் அரைப்புள்ளியுமாக வாசிக்க, நான் அடித்தேன். துறைத் தலைவர் விசாரித்தபோது "ரெண்டு பேரும் சேந்துதான் சார் அழிச்சோம்" என்றாள். அந்தத் தாள்கட்டைத்தான் நான் தூக்கிப்போட முடியாமல் ஒவ்வொரு வீட்டு மாற்றத்திலும் சுமந்துகொண்டு வருகிறேன்.

நீங்கள் கேட்ட மற்றவை. பட்டியல்: பிடபிள்யூடி, எல்எஸ், சிடி, எம்கேடிர், சிபி, எம்வி, ஆர்எம், கேட், லெஸ் (பக்கம் பக்கமாக வாசிக்க), கிரெப் (சொல்லைத் தேட), மேன் (கையேடு பார்க்க). இந்த செமஸ்டருக்கு இது போதும். மனப்பாடம் செய்யாதீர்கள், தினம் அரைமணி நேரம் கையால் அடியுங்கள். ஒட்டாதீர்கள், அடியுங்கள். எந்த லினக்ஸ் என்ற சர்ச்சைக்கு உங்கள் வயதில் அவசியமே இல்லை, லேப்பில் எது இருக்கிறதோ அது. கணினி இல்லை என்று வருந்த வேண்டாம். உங்கள் ஃபோனில் டெர்மக்ஸ் என்ற செயலியை நிறுவினால் பாஷ் கிடைக்கும், இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை அதில் ஓடும். சின்ன விசைப்பலகையில் அடிப்பது சிரமம்தான், ஆனால் அடிக்கலாம். ஏஐ எழுதித் தரட்டும். ஸ்டாருக்குப் பக்கத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று எண்டர் தட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். அதைப் பார்க்கத் தெரிவதற்குத்தான் கற்கச் சொல்கிறேன்.

நேற்று இரவு உங்கள் கடிதத்தை ஃபோனில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு என்ன எரர் வந்துச்சாம்?" என்றாள். எழுதவில்லை என்றேன். "கேட்டு வாங்கு" என்றாள்.

அடுத்த லேப்பில் ஒருமுறை மட்டும் வேண்டுமென்றே சிடி ஸ்லாஷ் அடித்து, சூடோ இல்லாமல், வேறொரு பெயரில் எம்கேடிர் போடுங்கள். வரும் வரியை ஃபோனில் படம் எடுக்காமல், எழுத்துக்கு எழுத்து நோட்டில் பார்த்து எழுதி எனக்கு அனுப்புங்கள். நான் மேலே ஊகித்து எழுதியதில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் சொல்லுங்கள். அவளுக்கும் அனுப்பி வைக்கிறேன்.