சோபியா லாரனைத் தவிர, கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இத்தாலிய நடிகை யார்?

என்னைக் கேட்டால் ஆன்னா மன்யானி. ஆனாலும் பதிலை லாரனிடமிருந்தே தொடங்குகிறேன். லாரனுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த வேடம் முதலில் மன்யானியைத் தேடித்தான் போனது.

1960இல் வந்த 'டூ விமன்' படத்தில், போர்க்காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு ரோமை விட்டு மலைக் கிராமத்துக்கு ஓடும் ஒரு விதவைத் தாய் வருவாள். அம்மாவாக மன்யானி, மகளாக லாரன் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். மன்யானிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, லாரனுக்கு 25. மன்யானி முடியாது என்றுவிட்டார். தன்னைவிட உயரமான, ஊரே வாய்பிளந்து பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அம்மாவா? வேண்டுமானால் லாரனே அம்மாவாக நடிக்கட்டும் என்று சொன்னாராம். கோபத்தில் சொன்னாரோ கிண்டலுக்குச் சொன்னாரோ, இயக்குநர் விட்டோரியோ டி சிகா அதையே செய்தார். மகளின் வயதைக் குறைத்து ஒரு சிறுமியைப் போட்டார், லாரன் அம்மாவானார். ஆங்கிலம் அல்லாத மொழியில் பேசி நடித்து நடிப்புக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

மன்யானி இதற்காக ஏங்கியிருப்பார் என்று தோன்றவில்லை. அவரிடம் ஏற்கெனவே ஒரு ஆஸ்கர் இருந்தது.

பிறந்தது 1908இல், ரோமில். அப்பா யாரென்றே தெரியாது. அம்மா எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய்விட, பாட்டி வீட்டில் வளர்ந்தார். ரோமிலேயே நாடகப் பள்ளியில் படித்தார், இரவு விடுதிகளில் பாடினார், பிறகு பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சிகளுக்கு வந்தார். இத்தாலியர்கள் இன்றும் கொண்டாடும் காமெடி நடிகர் தோத்தோவுடன் போர்க்காலத்தில் அவர் போட்ட நிகழ்ச்சிகளுக்கு நல்ல கூட்டம். சினிமாவில்தான் ஏறவில்லை. முசோலினி காலத்து இத்தாலியப் படங்களில் ஒரு வகைக்கு 'வெள்ளை டெலிபோன் படங்கள்' என்றே பெயர். பளபளக்கும் வரவேற்பறை, வெள்ளை நிறத்தில் ஒரு டெலிபோன், பக்கத்தில் மடிப்புக் கலையாத கதாநாயகி. குட்டையாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எப்போது பார்த்தாலும் கலைந்த தலையோடு இருந்த இவரை அந்த அறையில் எங்கே நிறுத்துவது? பத்து வருஷம் சின்னச் சின்ன வேடங்கள்தான். நடுவில் இயக்குநர் ஒருவரைத் திருமணம் செய்து பிரிந்தார். லுக்கினோ விஸ்கோந்தி தன் முதல் படத்துக்குக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்தபோது, கர்ப்பமாக இருந்ததால் அதுவும் கைநழுவியது.

அந்த மகன் 1942இல் பிறந்தான். அவனுடைய அப்பாவும் ஒரு நடிகர்தான், ஆனால் கூட இருக்கவில்லை. மன்யானி தன் குடும்பப் பெயரையே பிள்ளைக்கு வைத்தார். குழந்தைக்குப் போலியோ தாக்கிக் கால்கள் செயலிழந்தன. அதற்கப்புறம் வாழ்நாள் முழுக்க அவர் சம்பாதித்ததற்கு இந்தப் பிள்ளை ஒரு பெரிய காரணம்.

சரி, என்னால் மறக்க முடியாத ஒரு காட்சிக்கு வருகிறேன். 1945 ஜனவரியில் ரொபெர்த்தோ ரொசெல்லினி 'ரோம் ஓப்பன் சிட்டி' எடுக்கத் தொடங்குகிறார். ரோமை விட்டு ஜெர்மன் படை போய் ஏழு மாதம்தான் ஆகிறது, வட இத்தாலி இன்னும் அவர்கள் கையில். ஃபிலிம் சுருளுக்கே திண்டாட்டம். மன்யானி செய்தது பீனா என்ற விதவை வேடம். வயிற்றில் பிள்ளை, அன்றைக்குத்தான் மறுமணம். காலையில் ஜெர்மானியர்கள் குடியிருப்பைச் சுற்றி வளைத்து, கட்டிக்கொள்ளப் போகிறவனைப் பிடித்து லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். பீனா காவலர்களைத் தள்ளிவிட்டு, அவன் பெயரைக் கத்திக்கொண்டே லாரிக்குப் பின்னால் தெருவில் ஓடுகிறாள். சுடுகிறார்கள். அவ்வளவுதான், செத்துப்போகிறாள்.

கீழே விழும்போது பாவாடை விலகிக் காலுறையின் விளிம்பு தெரியும். வீரமரணம் அடையும் கதாநாயகி யாரும் அப்படி விழமாட்டாள், தெருவில் சுடப்பட்ட ஒரு பெண் அப்படித்தான் விழுவாள். 1944 மார்ச் 3 அன்று ரோமில் தெரேசா குல்லாச்சே என்ற ஐந்து குழந்தைகளின் தாய், அவளும் கர்ப்பிணி, ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த கணவனைப் பார்க்கப் போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டாள். பீனாவுக்கு மூலம் அந்தச் சம்பவம். படம் பார்க்க வந்த ரோம்காரர்களுக்கு அது போன வருஷத்துச் செய்தி.

முதல் முறை கணினியில் பார்த்தபோது எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை இருந்தது. படம் பாதிதானே முடிந்திருக்கிறது, எப்படியாவது பிழைத்து வருவாள் என்று. வரவில்லை.

ரொசெல்லினியோடு காதலும் அந்தக் காலத்தில்தான். அவருக்காக 'மிராக்கிள்' என்ற குறும்படத்தில், வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசையப்பர் என்று நம்பி ஏமாறும் ஆடு மேய்க்கும் பெண்ணாக நடித்தார். கதை எழுதியதோடு அந்த வழிப்போக்கனாக நடித்ததும் பின்னாளில் பெரிய இயக்குநரான ஃபெல்லினி. படம் மதத்தை அவமதிக்கிறது என்று நியூயார்க்கில் தடை செய்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று 1952இல் தீர்ப்பு வந்தது.

அதற்குள் ரொசெல்லினி ஹாலிவுட்டின் இங்ரிட் பெர்க்மனிடம் போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் ஒரு தட்டு ஸ்பகெட்டியை ரொசெல்லினி தலையில் மன்யானி கவிழ்த்ததாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, சொல்பவர்கள் ரசித்துச் சொல்கிறார்கள். 1949இல் ரொசெல்லினி பெர்க்மனை வைத்து சிசிலிக்கு வடக்கே ஸ்ட்ரோம்போலி எரிமலைத் தீவில் படம் எடுத்தார். அதே நேரத்தில் பக்கத்து எரிமலைத் தீவான வுல்கானோவில் மன்யானி போட்டிக்கு ஒரு படம் நடித்தார். பத்திரிகைகள் 'எரிமலைப் போர்' என்று எழுதித் தள்ளின. மன்யானி படத்தின் முதல் காட்சி ரோமில் நடந்தது 1950 பிப்ரவரி 2 அன்று. புரொஜெக்டர் விளக்கு வேறு பழுதாகிவிட, நடுவில் பெர்க்மனுக்கு ஆண் குழந்தை பிறந்த செய்தி வந்து நிருபர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். பாவம், இதில் சிரிக்கக் கூடாதுதான்.

அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் இவருடைய தீவிர ரசிகர். 'தி ரோஸ் டாட்டூ' நாடகத்தை மன்யானியை மனதில் வைத்துத்தான் எழுதினார். 1951இல் மேடையேற்றியபோது, என் ஆங்கிலம் போதாது என்று மன்யானி ஒதுங்கிக்கொண்டார். நான்கு வருஷம் கழித்து, பர்ட் லங்காஸ்டருடன் அதைப் படமாக எடுத்தபோது ஒப்புக்கொண்டார். தட்டுத்தடுமாறிய அந்த ஆங்கிலத்துக்கே 1956இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. விழாவுக்கு அவர் போகவில்லை, படத்தில் மகளாக நடித்த மரீசா பவான்தான் வாங்கிக்கொண்டார். அப்புறம் மார்லன் பிராண்டோவுடன்கூட ஒரு படம் செய்தார். ஹாலிவுட் படங்களில் அவர் நடிப்பில் குறை சொல்ல முடியாது, ஆனால் சுற்றி இருப்பதெல்லாம் செட்டாகத் தெரிகிறது. இது என் ரசனை, உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

அவர் ரோமின் தெருவில் நிற்க வேண்டும். 1962இல் வந்த பசோலினியின் 'மம்மா ரோமா'வில் பாலியல் தொழிலை விட்டுவிட்டுச் சந்தையில் காய்கறி விற்று, மகனை ஆளாக்கத் துடிக்கும் தாய். அதில் இரவில் அவர் பேசிக்கொண்டே நடந்து வரும் ஒரு நீண்ட காட்சி இருக்கிறது. ஆண்கள் ஒவ்வொருவராக இருட்டிலிருந்து வந்து கூட நடப்பார்கள், விலகிப் போவார்கள். அவர் பேச்சு மட்டும் நிற்காது. பசோலினிக்கு இந்தத் தேர்வில் முழு திருப்தி இல்லையாம். எனக்கு இருக்கிறது.

கடைசியாகத் திரையில் வந்தது ஃபெல்லினியின் 'ரோமா'வில், 1972இல், ஒரு நிமிடம்கூட இருக்காது. இரவில் வீட்டுக்குத் திரும்பும் அவரைப் பின்தொடர்ந்து, நீங்கள்தான் இந்த நகரத்தின் அடையாளம் என்கிற மாதிரி ஃபெல்லினி பேச்சுக் கொடுப்பார். போய்த் தூங்கு, உன்னை நம்ப மாட்டேன் என்று சொல்லி மன்யானி கதவைச் சாத்திவிடுவார். அடுத்த வருஷம் செப்டம்பர் 26 அன்று கணையப் புற்றுநோயில் இறந்தார். கடைசி நாட்களில் ரொசெல்லினி பக்கத்தில் இருந்தார். முதலில் ரொசெல்லினி குடும்பக் கல்லறையில்தான் வைத்தார்கள். ரோமே திரண்டு வந்து வழியனுப்பியது. அவர்களுக்கு அவர் 'நன்னரெல்லா', ஆன்னா என்ற பெயரின் செல்லச் சுருக்கம்.

எதில் தொடங்குவது என்றால், போர்ப் படம் இப்போது வேண்டாம் என்பவர்கள் விஸ்கோந்தியின் 'பெல்லிசிமா' (1951) பாருங்கள். வீடு வீடாகப் போய் ஊசி போட்டுச் சம்பாதிக்கும் ஒரு அம்மா, மகளைச் சினிமாவில் சேர்க்க இருக்கிற காசையெல்லாம் செலவழிப்பாள். ஸ்டுடியோவில் அந்தக் குழந்தை அழும் டெஸ்ட் காட்சியைப் போட்டுப் பார்த்துச் சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மா அதை ஒளிந்திருந்து பார்த்துவிடுவாள். அப்போது மன்யானியின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.