ஜப்பான் விமானத்தில் முதல் வகுப்பு: மேரியாட் பாயிண்டை மாற்றுவதற்கு முன்

கேள்வி: எனக்கு 62 வயது, மனைவிக்கு 58. மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். வரும் ஏப்ரலில் அவளைப் பார்க்கப் போகிறோம். ஒரு தடவையாவது ஜப்பான் விமானத்தில் முதல் வகுப்பில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மகனிடம் மேரியாட் ஓட்டல் பாயிண்ட் 3,60,000 சேர்ந்திருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். மனைவி சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டாள். எனக்கு முழங்கால் வலி உண்டு. ஜப்பானிய விமான நிறுவனங்களில் ஏஎன்ஏ நல்லதா, ஜால் (ஜப்பான் ஏர்லைன்ஸ்) நல்லதா? சென்னையிலிருந்தே முதல் வகுப்பு கிடைக்குமா? - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கிடைக்காது. சென்னை என்றில்லை, டெல்லி, பெங்களூரு என்று எங்கே ஏறினாலும் கிடைக்காது. இந்தியாவுக்கு ஜப்பானியர்கள் ஓட்டுவது போயிங் 787. அந்த ரகத்தில் ஏஎன்ஏவும் முதல் வகுப்பு வைக்கவில்லை, ஜாலும் வைக்கவில்லை. ஏஎன்ஏவில் முதல் வகுப்பு இருப்பது 777-300ஈஆர் விமானத்திலும், ஹொனலுலு போகும் ஏ380 விமானத்திலும். ஜாலில் 777-300ஈஆர், ஏ350-1000 இரண்டிலும் இருக்கிறது. ஆகவே நீங்கள் ஆசைப்படுவது டோக்கியோவிலிருந்து நியூயார்க் வரையான ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் மட்டும்தான். டோக்கியோ வரைக்கும் வேறு வகுப்பில், ஒருவேளை வேறு விமானத்தில் வந்து சேர வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டோக்கியோவுக்கு விமான நிலையம் இரண்டு. ஹானேடா நகரத்தை ஒட்டி இருக்கிறது. நரிட்டா பக்கத்து மாவட்டமான சிபாவில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியாக எண்பது கிலோமீட்டர் போல. ஜாலின் ஏ350-1000 நியூயார்க்குக்குக் கிளம்புவது ஹானேடாவிலிருந்து. பெங்களூரிலிருந்து வரும் ஜால் இறங்குவதோ நரிட்டாவில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவதென்றால் குடியேற்றச் சோதனை தாண்டி வெளியே வந்தாக வேண்டும், அதற்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான் விசா வேண்டும். ஒரே நிலையத்துக்குள், ஒரே டிக்கெட்டில் மாறினால் விசா வேண்டாம். டெல்லி வழி போனால் ஹானேடாவிலேயே இறங்கலாம்.

ஆனாலும் என் யோசனை, விசா எடுத்துக்கொண்டு டோக்கியோவில் இரண்டு இரவு தங்குங்கள். ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லவில்லை. கோயம்புத்தூரில் வீட்டைப் பூட்டிக் கிளம்பி, ஒரு விமானம், இன்னொரு விமானம் என்று ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டு அன்றைக்கே முதல் வகுப்பில் ஏறினால், உட்கார்ந்த பத்தாவது நிமிடம் தூங்கிப்போவீர்கள். எழுப்பிவிடவும் மாட்டார்கள், ஜப்பானியப் பணிப்பெண்களுக்கு அந்த நாகரிகம் அதிகம். நியூயார்க்கில் இறங்கும்போது பைஜாமா ஒன்றுதான் கையில் மிஞ்சியிருக்கும். என் முதல் பயணம் அப்படித்தான் போயிற்று.

இனி பாயிண்ட் கணக்கு. காசு கொடுத்து வாங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. டோக்கியோ-நியூயார்க் முதல் வகுப்பு போய்வர ஒருவருக்கு 20 லட்சம் யென்னுக்கு மேல் ஆகும். மேரியாட் பாயிண்ட் மூன்று கொடுத்தால் ஒரு மைல். மைல் என்பது விமான நிறுவனத்தின் கணக்கில் சேரும் பாயிண்ட், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். ஒரே தடவையில் 60,000 பாயிண்ட் மாற்றினால் 20,000 மைலோடு 5,000 மைல் கூடுதலாகத் தருவார்கள். உங்கள் மகனின் 3,60,000 பாயிண்ட் ஏஎன்ஏ கணக்கிலோ ஜால் கணக்கிலோ 1,50,000 மைல் ஆகும். ஜாலில் பறக்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைலையும் பயன்படுத்தலாம், இரண்டும் ஒன்வேர்ல்டு கூட்டணி. ஆனால் அமெரிக்கனுக்கு மாற்றினால் அந்த 5,000 போனஸ் கிடையாது. டோக்கியோவிலிருந்து அமெரிக்காவுக்கு ஜால் முதல் வகுப்பு ஒருவழிக்கு அமெரிக்கன் கணக்கில் 80,000 மைல் என்று பல வருடமாக நிற்கிறது. அதற்கு 2,40,000 மேரியாட் பாயிண்ட் போய்விடும், அதுவும் ஒருவருக்கு.

ஆக, இரண்டு பேர் முதல் வகுப்பிலேயே போய் முதல் வகுப்பிலேயே திரும்புவது இந்தப் பாயிண்டில் நடக்காது. போகும்போது மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் இரண்டு பேருக்கு இந்த மைல் போதுமா என்று அந்த நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு மாற்றுங்கள். திரும்பும் பயணம் எதிர்க்காற்றில் இன்னும் ஒரு மணி நேரம் கூட ஓடும், அப்போது படுத்து வருவதுதானே லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டோக்கியோவிலிருந்து கிளம்பும் விமானத்துக்குச் சாப்பாடு டோக்கியோவில் சமைத்து ஏற்றுகிறார்கள், ஹானேடா லவுஞ்சும் அவர்களுடைய சொந்த வீடு. ஏஎன்ஏ தன் மைலில் ஒருவழி டிக்கெட் கொடுக்காமலே பல காலம் இருந்தது, 2025-இல்தான் அதை மாற்றினார்கள்.

மகனின் மைலில் அப்பா அம்மா பறக்கலாமா? பறக்கலாம். ஏஎன்ஏ, ஜால் இரண்டிலும் மைல் டிக்கெட்டை இரண்டு தலைமுறைத் தூரத்துக்குள் இருக்கும் உறவுக்குத்தான் கொடுக்கலாம் என்று விதி. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர், பிள்ளை, பேரன் பேத்தி எல்லாம் இதில் அடக்கம். சித்தப்பாவும் மாமாவும் வெளியே. உறவை முன்கூட்டியே கணக்கில் பதிந்துவைக்கச் சொல்லுங்கள். மைல் போக எரிபொருள் கூடுதல் கட்டணம் தனியாகப் பணமாகக் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் மண்ணெண்ணெய் விற்கும் விலையைப் பார்த்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவார்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. மேரியாட்டிலிருந்து மைல் வந்து சேர நாள் கணக்கில் ஆகும். ஒருமுறை போன பாயிண்ட் திரும்பி வராது. இருக்கை கண்ணில் பட்ட பிறகு மாற்றலாம் என்று இருந்தால், மைல் வருவதற்குள் இருக்கை போய்விடும். முன்பே மாற்றிவைத்தால், இருக்கையே திறக்காமல் போகலாம். இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது. தேதியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்துங்கள், பிறகு மாற்றுங்கள்.

தேதி என்றதும் உங்கள் ஏப்ரல் திட்டம். அதைக் கைவிடுங்கள். மார்ச் கடைசியிலிருந்து சகுரா என்ற செர்ரி மரங்கள் பூக்கும், அதைப் பார்க்கக் கூட்டம் வரும், அது முடிந்ததும் ஏப்ரல் 29-இல் தொடங்கி மே முதல் வாரம் வரை கோல்டன் வீக் விடுமுறை. முதல் வகுப்பே எட்டு இருக்கை, ஏ350-இல் ஆறு. அதில் மைலுக்கு விடுவது ஒன்றோ இரண்டோ. ஜூன் மாதம் ஜப்பானில் மழைக்காலம், உள்ளூர்க்காரர்கள் அதிகம் பயணம் போக மாட்டார்கள், நியூஜெர்சியிலோ அருமையான வெயில். ஜால் 360 நாளுக்கு முன்பும், ஏஎன்ஏ 355 நாளுக்கு முன்பும் தங்கள் உறுப்பினர்களுக்கு இருக்கைகளைத் திறக்கின்றன. அந்த நாளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விட்டுப்போனால் அடுத்த வாய்ப்பு கிளம்புவதற்கு முந்தைய இரண்டு வாரம், அப்போது விற்காத இருக்கை சில சமயம் வெளியே வரும். விசாவும் பெட்டியும் தயாராக இருப்பவர்களுக்கு அது சரிப்படும். ஒருவருக்கு மட்டும் முதல் வகுப்பு கிடைத்தால் இன்னொருவருக்கு அதே விமானத்தில் பிசினஸ் வகுப்பு எடுத்துவைத்துக்கொண்டு, தினம் பார்த்துக்கொண்டிருங்கள்.

இனி ஏஎன்ஏவா ஜாலா. ஜாலின் ஏ350-1000 புதிது. 2024 ஜனவரியில் நியூயார்க் தடத்தில்தான் முதலில் இறக்கினார்கள். முதல் வகுப்பு ஒரு வரிசைக்கு மூன்றே அறைகள், ஒவ்வொன்றும் தனி. சுவர் 157 சென்டிமீட்டர் உயரம், கதவு உண்டு, ஹெட்போன் மாட்டாமலே படம் பார்க்கத் தலைமாட்டிலேயே ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். இதைவிட முக்கியமானது வெளியே தெரியாது. ஏ350-இன் உடல் கார்பன் கலவையால் ஆனது. அது அதிக அழுத்தத்தைத் தாங்கும், துருப்பிடிக்காது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரம் அடி மலைமேல் இருப்பதுபோல வைக்கிறார்கள், ஈரப்பதமும் கூட. அலுமினிய 777-இல் அது எட்டாயிரம் அடி வரை போகும். குன்னூரில் தூங்குவதற்கும் ஊட்டியைத் தாண்டி இன்னும் சற்று மேலே தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் காலையில் தொண்டை வறண்டிருப்பதில் தெரியும்.

ஏஎன்ஏவின் புதிய முதல் வகுப்புக்கு ‘தி சூட்’ என்று பெயர். கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் கை அதில் உண்டு, 2019-இல் லண்டன் தடத்தில் அறிமுகமானது. ஒன்று-இரண்டு-ஒன்று என்று எட்டு இருக்கை, ஒவ்வொன்றுக்கும் கதவு, 43 அங்குலத் திரை. நடு இரண்டுக்கும் இடையில் இருக்கும் தடுப்பை இறக்கிவிடலாம். ஜாலில் அந்த வசதி இல்லை, நடு அறையும் ஒற்றை அறைதான். ஏஎன்ஏவிலும் எல்லா 777-உம் புதிது கிடையாது. பதிவு செய்யும்போது இருக்கை வரைபடத்தில் பிசினஸ் வகுப்பு 64 இருக்கை என்று வந்தால் புதியது. வேறு எண் என்றால் பழைய கதவில்லாத இருக்கையாக இருக்கும்.

தனியாகப் போகிறவர், தூக்கம்தான் முக்கியம் என்றால் நான் யோசிக்காமல் ஜால் என்பேன். நீங்கள் இரண்டு பேர், அதிலும் அம்மாவுக்கு இது முதல் தடவை, மொழி தெரியாத இடத்தில் தனி அறையில் கதவு சாத்திக்கொண்டு என்ன செய்வார்? உங்களுக்கு ஏஎன்ஏவின் நடு இருக்கைகள்.

சாப்பாடுதான் இதில் கடினமான பகுதி. ஜப்பானிய முதல் வகுப்பின் பெருமையே சாப்பாடு. சின்னச் சின்னப் பாத்திரங்களில், அந்தந்தப் பருவத்துக்கு உரியதாக வரிசையாக வரும் கைசேகி விருந்து. அதன் அஸ்திவாரம் தாஷி என்ற சாறு. கொம்பு என்கிற கடற்பாசியையும், காய்ந்த மீனைச் சீவிய கட்சுவோபுஷியையும் போட்டு எடுப்பது. நம் சமையலில் பருப்புத் தண்ணீர் மாதிரி, எல்லாவற்றிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வேகவைத்த பூசணி, கீரை, சோயா விழுதில் செய்யும் மீசோ சூப், சோபா என்ற நூடுல்ஸின் சாறு எல்லாம் பார்க்கச் சைவம்தான், ஆனால் மீன் சாறு. பணிப்பெண் பொய் சொல்ல மாட்டார். ‘இது காய்கறிதான்’ என்று அவர் சொல்வது அவர் அறிவுக்கு உண்மை. அம்மா கேட்க வேண்டியது ‘இதில் தாஷி இருக்கிறதா’ என்று.

அதனால் பதிவு ஆனதுமே ஏவிஎம்எல் என்ற இந்திய சைவச் சாப்பாட்டைக் கேட்டுவிடுங்கள். பூண்டு, வெங்காயமும் ஆகாது என்றால் விஜேஎம்எல், அது சமணருக்கானது. விஎல்எம்எல் கேட்காதீர்கள், அதில் முட்டை வரும். பயணத்துக்கு ஒரு நாள் முன்புவரை ஏற்பார்கள், ஆனால் மூன்று நாள் முன்பு தொலைபேசியில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இதில் ஒரு குறை. உங்களுக்கு நினைத்த நேரத்தில் நினைத்ததைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, சிறப்புச் சாப்பாடு கேட்டவருக்கு அந்த உரிமை பாதிதான். எண்ணி ஏற்றிய தட்டு தவிர வேறு சமைக்க முடியாது. பழம், ரொட்டி, சாலட் வரும். நடுவில் பசித்தால் கையோடு கொண்டுபோன தட்டையும் புளியோதரையும் துணை. ஹானேடா லவுஞ்சிலும் கவனம், ஜால் லவுஞ்சில் எல்லோரும் புகழும் கறி மாட்டிறைச்சியில் செய்தது.

வெளிப்படையாகச் சொன்னால், அம்மாவுக்கு முதல் வகுப்பின் விலையில் பாதி வீண். அதே ஏஎன்ஏ விமானத்தின் பிசினஸ் வகுப்பான ‘தி ரூம்’ பல நிறுவனங்களின் முதல் வகுப்புக்கு ஈடு கொடுக்கும். கதவும் உண்டு, இடுப்புக்கு அகலமும் தாராளம். மொத்தம் 64 இருக்கை என்பதால் மைலில் கிடைக்கவும் வாய்ப்பு கூடுதல். இரண்டு பேரும் அதில் போனால் பாயிண்ட் மிஞ்சலாம். ஆனால் நீங்கள் கேட்டது லாபக் கணக்கு இல்லை, ஆசை. அதில் நான் தலையிடவில்லை.

குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவரென்றால் ஜாலில் சலோன் ஷாம்பெயின் ஊற்றுவது பெயர்பெற்ற விஷயம், ஏஎன்ஏவில் க்ரூக். குடிக்காதவருக்கு ஜாலில் ‘குயின் ஆஃப் ப்ளூ’ என்ற ஊலாங் தேநீர், ஒயின்போலப் பாட்டிலில் அடைத்தது, கேட்டால் ஒயின் கோப்பையிலேயே தருவார்கள்.

முழங்காலுக்கு: ஏறியதும் உடை மாற்றிக்கொள்ளுங்கள், பைஜாமா கொடுப்பார்கள். கேபின் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும், நமக்கே வேர்க்கும், மெல்லிய போர்வை கேளுங்கள். முதல் சாப்பாடு முடிந்து நீங்கள் கழிவறைக்குப் போய்வருவதற்குள் மெத்தை விரித்துவைப்பார்கள். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொண்டால், விமானம் குலுங்கும்போது சரிபார்க்க உங்களை எழுப்ப மாட்டார்கள். ஹானேடாவில் வாசல்வரை நடை அதிகம். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட்டிலேயே குறிக்கச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். நாற்காலியைத் தள்ளிவரும் பணியாளருக்கு டிப்ஸ் நீட்டாதீர்கள், ஓடிவந்து திருப்பித் தந்துவிடுவார்.