"பத்திரம் என் பேர்ல இருக்கு!"

கேள்வி: அப்பா போன பிறகு, போச்சம்பள்ளி பக்கமுள்ள வீட்டையும் மாந்தோப்பையும் அம்மா (வயது 71) அண்ணன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். ஆகிறது 2 வருஷம். இப்போது ஒரு வேளைக் களிதான் போடுகிறார்கள். ஏடிஎம் கார்டும் அண்ணனிடம். போன தடவை போனபோது முழங்கைக்குக் கீழே நாலு விரல் பதிந்த கன்றல். "வெளியில சொல்லாதம்மா, மானம் போயிடும்" என்கிறார் அம்மா. கேட்டால், "பத்திரம் என் பேர்ல இருக்கு" என்கிறார் அண்ணன். பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?
வாசகி, ஓசூர்

பதில்: முடியும். ஆனால் முதலில் அம்மாவை உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். வீட்டைவிட்டு வந்தால் உரிமை போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். போகாது.

வலியோ காயமோ இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கன்றல் சில நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும். அங்கேதான் பல வழக்குகள் கெட்டுப்போகின்றன: மகன் பக்கத்தில் நிற்க, அம்மா "கீழே விழுந்துட்டேன்" என்பார், ஏ.ஆர். புத்தகத்திலும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) அப்படியே ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. டாக்டரிடம் அம்மா தனியாகப் பேசட்டும். போலீஸில் புகார் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

வங்கியில் பழைய கார்டை முடக்கி, கணக்கில் இருக்கும் செல்போன் எண்ணையும் மாற்றுங்கள். எண் அண்ணனுடையதாகவே இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும்.

பத்திரத்துக்கு, பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23. மனு கோட்டாட்சியரிடம். அம்மா இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். ஆனால் சொத்து கிருஷ்ணகிரி கோட்டத்தில் இருப்பதால் அங்கே போடுவதே எங்கள் யோசனை; நேரில் விசாரிக்கச் சுலபம். வக்கீல் கட்டாயமில்லை. பத்திர நகல், வில்லங்கச் சான்று, ஆதார், ஏ.ஆர். நகல் வையுங்கள். "பார்த்துக்கொள்வதில்லை" என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தேதியில் சோறு போடவில்லை, எந்தத் தேதியில் அடித்தார் என்று எழுதுங்கள். பராமரிப்புக்கான மாதத் தொகை, பத்திர ரத்து இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததைத் தானாகத் தருவார்கள் என்று இருக்க வேண்டாம்.

"கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற வரி பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அன்பினால் எழுதிக் கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அடி, மிரட்டலுக்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டம் தாய்க்கும் பொருந்தும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். யோசனை கேட்க முதியோர் உதவி எண் 14567. கட்டணமில்லை, நீங்களே கூப்பிடலாம்.

ஒன்று: பராமரிக்கும் கடமை மகளுக்கும் உண்டு. அண்ணன் உங்களையும் மனுவில் சேர்க்கச் சொல்வார். மாதம் எவ்வளவு தர முடியும் என்பதை முதல் விசாரணைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.