ஷேர் விழுந்துச்சு, கேஸ் போடலாமா?

மன்னார்குடி வாசகர்: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சம்பா நெல்லு போட்ட காசுல ஒரு பெரிய கம்பெனி ஷேர் 200 வாங்குனேன் அண்ணே, ஒண்ணு 610 ரூபாய். ஆர்டர் குவியும், கடன் பூரா அடைச்சாச்சுன்னு எம்.டி. டிவியில அடிச்சு சொன்னாரு. இப்ப 240ல நிக்குது. அமெரிக்காவுல இருக்குற மருமகப்புள்ள வாட்ஸ்அப்ல ஒரு வக்கீல் நோட்டீஸ அனுப்பி, "மாமா, அந்தக் கம்பெனி மேல இங்க, நஷ்டப்பட்டவங்க எல்லாருக்கும் சேத்துப் போடுற கிளாஸ் ஆக்‌ஷன் கேஸ் போட்டிருக்காங்க, 60 நாள்தான் கெடு, சீக்கிரம் பேரு குடுங்க"ங்கிறாரு. குடுக்கவா?

பதில்: நீங்க வாங்குனது எங்க? மன்னார்குடியில உக்காந்து நம்ம டீமேட் அக்கவுண்ட்ல, நம்ம நாட்டு பங்குச்சந்தை என்.எஸ்.இ.யிலதான? அப்ப அந்த நோட்டீஸ் உங்களுக்கு இல்ல. அமெரிக்க எக்ஸ்சேஞ்ச்ல வித்த ஷேருக்கும், அந்த நாட்டுக்குள்ள நடந்த வாங்கல் விக்கலுக்கும்தான் அவங்க சட்டம்னு 2010ல மாரிசன் கேஸ்ல அங்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம கம்பெனி சிலது ஏ.டி.ஆர்.னு, அதாவது நம்ம ஷேருக்கு ஈடா அங்க விக்கிற சீட்டா, நியூயார்க்லயும் பட்டியல்ல இருக்கும், அந்த ஏ.டி.ஆர். வச்சிருக்குறவங்கதான் அந்த வரிசையில நிக்க முடியும். கம்பெனி ஒண்ணு, பொய்யும் ஒண்ணு, ஆனா எந்தக் கடையில வாங்குனீங்கங்கிறதுதான் கணக்கு.

இதுக்கு சத்யம் கதைய விட்டா வேற உதாரணம் வேணாம். 2009 ஜனவரி 7, அந்த சாஃப்ட்வேர் கம்பெனியோட சேர்மன் ராமலிங்க ராஜு, கணக்குல பல ஆயிரம் கோடி பொய்னு அவரே லெட்டர் எழுதுனாரு, ஷேர் ஒரே நாள்ல 179 ரூபாய்ல இருந்து 40 ரூபாய் பக்கம் வந்துடுச்சு. அமெரிக்காவுல கேஸ் போட்டவங்களுக்கு 2011ல சத்யம் 12.5 கோடி டாலர், ஆடிட் பண்ண பி.டபிள்யூ.சி. தரப்பு 2.55 கோடி டாலர்னு சமரசம் ஆச்சு. இங்க அதே ஷேர வாங்கி வச்சிருந்த வாத்தியாரு, மிராசுதாரு, ரிட்டயர்டு ஆனவங்க அந்தப் பணத்த பேப்பர்ல படிச்சதோட சரி. அப்போ நமக்கு அப்படி ஒரு சட்டமே கெடையாது. எனக்கு இன்னும் ஆறல அது.

அப்புறம் அந்த 60 நாள். 1995ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு, கேஸ் போட்டவங்க 20 நாளுக்குள்ள ஊரறிய நோட்டீஸ் குடுக்கணும், அந்த நோட்டீஸ்ல இருந்து 60 நாளுக்குள்ள யாரு வேணா "நான்தான் எல்லாருக்கும் முன்னாடி நிக்கிற வாதி"ன்னு கோர்ட்ட கேக்கலாம், வழக்கமா பெரிய நஷ்டம் பட்டவருக்குத்தான் அந்த எடம் கெடைக்கும். மத்தவங்க எதுவும் பண்ண வேணாம், அந்தக் காலகட்டத்துல வாங்கியிருந்தா தானா உள்ள இருப்பாங்க, சமரசம் ஆனப்புறம் க்ளெய்ம் ஃபாரம் போட்டா போதும். ஆனா வக்கீல் ஆபீஸ்காரங்களுக்குப் பெரிய நஷ்டக்காரரு கைக்கு வேணும், ஏன்னா ஜெயிச்சா வர்ற தொகையில கோர்ட் சொல்ற பங்கு அவங்களுக்கு ஃபீஸ், தோத்தா ஒண்ணும் இல்ல, அதனாலதான் தீபாவளி ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி கடைசி நாள் கடைசி நாள்னு கூவுறாங்க. நம்மூர்ல வக்கீல் அப்படிப் பங்குக்கு கேஸ் எடுக்கக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு, அதான் இங்க உங்களத் தேடி யாரும் வர்றதில்ல.

மருமகப்புள்ள ஆசையில அனுப்பிட்டாரு, திட்டாதீங்க.

இப்ப இங்க என்ன வழி? கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 245. 2016 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு. மோசடியா ஏதாச்சும் பண்ணியிருந்தா கம்பெனி மேல, டைரக்டருங்க மேல, தப்பா ரிப்போர்ட் குடுத்த ஆடிட்டர் மேல எல்லாரும் சேர்ந்து நஷ்டஈடு கேக்கலாம். எத்தன பேரு வேணும்னா, மொத்த பங்குதாரர்ல 5 சதவீதம் இல்லாட்டி 100 பேரு, எது கம்மியோ அது, பெரிய கம்பெனிக்கு 100 பேருன்னே வச்சுக்குங்க. ஆளு சேரலன்னா, பட்டியல்ல இருக்குற கம்பெனியா இருந்தா, மொத்தப் பங்குல 2 சதவீதம் கையில இருக்குறவங்க போதும். மனு போட வேண்டியது கம்பெனி வழக்குகளப் பாக்குற ட்ரிப்யூனல் என்.சி.எல்.டி.யில, அதுவும் கம்பெனி பதிவு ஆபீஸ் எங்க இருக்கோ அந்த பெஞ்ச்ல, சென்னைன்னா சென்னை, மும்பைன்னா நீங்க மும்பை வண்டி பிடிக்கணும். வெறும் வீம்புக்குப் போட்டதுன்னு தோணுச்சுன்னா 1 லட்சம் வரைக்கும் எதிர்த்தரப்புக்குக் கட்டச் சொல்லுவாங்க. செலவுக்குன்னு பாத்தா, ஐ.இ.பி.எஃப்.ங்கிற முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில இருந்து ட்ரிப்யூனல் அனுமதிச்சா கேஸ் செலவ திருப்பித் தரலாம்னு பிரிவு 125 சொல்லுது, காகிதத்துல நல்லாத்தான் இருக்கு.

ஆனா அதுக்கெல்லாம் முன்னாடி, அவரு சொன்னது பொய்யா இல்ல கணிப்பு தப்பாப் போச்சாங்கிறதப் பாருங்க. ஜூன் 12 மேட்டூர் தொறந்துடுவாங்கன்னு ஒருத்தர் சொல்லி நீங்க நாத்தங்கால் தயார் பண்ணி தண்ணி வரலன்னா அவரு மேல கோவம்தான் வரும், கேஸ் வராது. அணையில 40 அடிதான் நிக்குதுன்னு தெரிஞ்சுகிட்டே 100 அடி இருக்குன்னு சொல்லி வெதநெல்ல உங்க தலையில கட்டுனா அது வேற. உங்க எம்.டி. சொன்னதுல "ஆர்டர் குவியும்"னா கணிப்பு, "கடன் பூரா அடைச்சாச்சு"ங்கிறது நடந்ததச் சொல்றது, அன்னிக்கு அடைக்கலன்னா, அது அவருக்கும் தெரிஞ்சிருந்தா, அதுதான் உங்க பிடி. அந்த தேதிக்கு எக்ஸ்சேஞ்ச்ல கம்பெனி குடுத்த அறிவிப்பு என்.எஸ்.இ. வெப்சைட்லயே இருக்கும், டிவி பேச்ச விட அதுக்குத்தான் மதிப்பு.

இன்னொண்ணு, 610க்கும் 240க்கும் நடுவுல 370 பூராவும் கெடைக்கும்னு நெனைக்காதீங்க. மொத்த மார்க்கெட்டும் சேர்ந்து விழுந்தது எவ்வளவு, உண்மை வெளிய வந்து விழுந்தது எவ்வளவுன்னு பிரிப்பாங்க. நீங்க வாங்குனது அந்தப் பேச்சுக்கு முன்னாடின்னா அதக் கேட்டு ஏமாந்தேன்னும் சொல்ல முடியாது. தேதிய மொதல்ல பாருங்க.

திருத்துறைப்பூண்டி வாசகி: கம்பெனி மொதமொதல்ல ஷேர் வித்த ஐ.பி.ஓ.வுல போட்டேன் சார், அதுக்குக் குடுத்த விவர அறிக்கை, பிராஸ்பெக்டஸ்ல எழுதுனது ஒண்ணு, கம்பெனி நெலம ஒண்ணு. 100 பேர எங்க தேடுறது?

பதில்: தேட வேணாம்மா. பிராஸ்பெக்டஸ்ல பொய் எழுதியிருந்தா அதே கம்பெனிகள் சட்டத்துல பிரிவு 35, 37 இருக்கு, பாதிக்கப்பட்டவங்க ஒருத்தரே கூட வழக்குப் போடலாம், கையெழுத்துப் போட்ட டைரக்டர், புரமோட்டர் எல்லாம் பதில் சொல்லணும். அந்தப் பிராஸ்பெக்டஸ இப்பவே டவுன்லோட் பண்ணி வைங்க. கூடவே பங்குச்சந்தையக் கண்காணிக்கிற செபியோட ஸ்கோர்ஸ் தளத்துல புகார் குடுங்க, ஆனா "வெல எறங்கிடுச்சு"ன்னு எழுதாதீங்க, எந்தப் பக்கத்துல எந்த வரி பொய்னு எழுதுங்க.

கும்பகோணம் வாசகர்: என்கிட்ட இருக்குறது பூராவும் பேங்க் ஷேர். எனக்கும் 245 உண்டா?

பதில்: இல்லைங்க. பேங்க் கம்பெனிகளுக்கு 245 பொருந்தாதுன்னு அதே பிரிவுலயே எழுதி வச்சுட்டாங்க. டெல்டாவுல பாதிப் பேரு பெட்டியில பேங்க் ஷேர்தான் இருக்கும், அவங்களுக்கு இந்தக் கதவு கெடையாது, செபி புகார்தான் மிச்சம். ஆனா வேற கம்பெனியில டெபாசிட் போட்டிருந்தீங்கன்னா, டெபாசிட்காரங்களுக்கும் 245 உண்டு, அங்கயும் 100 பேரு கணக்குதான்.