தைராய்டு மாத்திரை: பத்து நாளில் அசதி போகுமா?

கேள்வி: எனக்கு 38 வயது, மும்பை செம்பூரில் இருக்கிறேன். தைராய்டு குறைவு என்று 50 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளாகியும் அசதி போகவில்லை. ஒன்றரையாகக் கூட்டிக்கொள்ளலாமா? ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் காபியோடுதான் போடுகிறேன்.

பதில்: கூட்ட வேண்டாம், முதலில் காபியைத் தள்ளி வையுங்கள்.

மாத்திரையில் இருப்பது தைராக்சின், அதாவது டி4. கழுத்துச் சுரப்பி சுரக்கும் அதே மூலக்கூறுதான். அதிலுள்ள நான்கு அயோடின் அணுக்களில் ஒன்றை ஈரல் போன்ற இடங்களில் நொதிகள் நீக்க, அது டி3 ஆகிறது. செல்லின் உட்கருவில் இருக்கும் தைராய்டு ஏற்பியில் (ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) முக்கியமாகப் பொருந்துவது இந்த டி3தான்.

எனக்கு இன்றும் வியப்பூட்டுவது அந்த ஏற்பி. டி3 வருவதற்கு முன்பே டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, தடுப்புப் புரதங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு பல ஜீன்களை அடக்கி வைத்திருக்கும். டி3 பொருந்தியதும் ஏற்பியின் கடைசிச் சுருள் மடிந்து வடிவம் மாறுகிறது. தடுப்புப் புரதங்கள் கழன்று, தூண்டும் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. அப்புறம்தான் ஆர்என்ஏ உருவாகி, புதுப் புரதம் தயாராகும். அதனால் மாத்திரையின் பலன் பாராசிட்டமால் மாதிரி ஒரு மணி நேரத்தில் தெரியாது. வைட்டமின் டி, ஈஸ்ட்ரோஜன், கார்டிசால் ஆகியவற்றுக்கும் இதே குடும்பத்து ஏற்பிகள் உண்டு. மனித உடலில் மொத்தம் 48 வகை.

தவிர, ரத்தத்தில் டி4 பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகும். அதனால் தினமும் போட்டாலும் அளவு நிலைப்பட ஐந்தாறு வாரம் பிடிக்கும். டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்யச் சொல்வது இதற்காகத்தான். அதற்குள் நீங்களே கூட்டினால், இதயத்திலும் அதே ஏற்பிகள் இருப்பதால் படபடப்பு வரலாம். அதிக அளவு நீண்ட நாள் தொடர்ந்தால் எலும்பும் தேயும்.

காபி மாத்திரையைக் குடலில் சரியாக உறிஞ்ச விடாது. எழுந்தவுடன் வெறும் தண்ணீரில் போடுங்கள். குளித்து, டப்பா கட்டி முடித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கலாம். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்போது தேவை கூடும்.

டிஎஸ்எச் சரியான பிறகும் அசதி இருந்தால் ஹீமோகுளோபின், பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.