காளான் சாப்பிட்டால் பழைய காயம் ஆறுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 27 வயது. பனியன் கம்பெனியில் வேலை. பதினோரு வயதில் அப்பாவோடு பைக்கில் போகும்போது லாரி மோதி, என் கண் முன்னாலேயே அவர் இறந்துவிட்டார். இன்றைக்கும் ஏர் ஹாரன் சத்தம் கேட்டால் கை நடுங்கும். இரண்டு வருடமாக, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை எடுக்கிறேன். தூக்கம் பரவாயில்லை, ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை. அடுத்த மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போகிறேன். அங்கே கிடைக்கும் போதைக் காளானைச் சாப்பிட்டால் இதெல்லாம் ஒரே ராத்திரியில் கரைந்துவிடும், வெளிநாட்டில் டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்கிறான் ஒருவன். மாத்திரையோடு சாப்பிட்டால் காளான் ஏறாதாம், பத்து நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறான். செய்யலாமா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, கொடைக்கானலுக்குத் தாராளமாகப் போய் வாருங்கள். காளானைத் தொடாதீர்கள். அதைவிட முக்கியம், மாத்திரையை நிறுத்தாதீர்கள். எஸ்சிட்டாலோபிராமைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரலாம். அடங்கியிருந்த பதற்றமும் திரும்பலாம். அந்த நிலையிலா இதைச் சாப்பிடப் போகிறீர்கள்?

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இந்தக் காளானில் இருக்கும் சைலோசிபினைக் கொடுக்கலாம். ஆனால் எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வுக்கு மட்டும்தான். உங்களைப் போல அதிர்ச்சியால் வரும் பி.டி.எஸ்.டி.க்கு அங்கே அனுமதித்திருப்பது எம்.டி.எம்.ஏ. என்கிற வேறொரு மருந்து. அதையே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஆகஸ்டில் ஏற்க மறுத்து, இன்னொரு பரிசோதனை நடத்தச் சொல்லிவிட்டது. அந்தப் பரிசோதனைகளில் மருந்து கொடுக்கிற நாளில் இரண்டு தெரபிஸ்ட்கள் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தார்கள். அதற்கு முன்னால் பல நாள் பேச்சு, பின்னாலும் பல நாள் பேச்சு. காட்டேஜில் உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? அதே காளானைத் தின்ற நான்கு நண்பர்கள்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் அது வேலையை ஆரம்பிக்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் விடாது. இதயம் வேகமாக அடிக்கும், நேரக் கணக்கு குழம்பும், ஐந்து நிமிடம் ஒரு ராத்திரி போல நீளும். பழைய நினைவுக்கும் உங்களுக்கும் நடுவே இத்தனை வருடமாக மனசு கட்டிவைத்திருக்கிற தடுப்பு தளர்ந்துவிடும். மற்றவர்களுக்கு அது சந்தோஷமாகக்கூட இருக்கலாம், உங்களுக்கு அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது அந்த ரோடு. போதும் என்று நடுவில் இறங்க வழியே கிடையாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனை அவன் அம்மா கூட்டிவந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). சின்ன வயதில் ஹாஸ்டலில் பூட்டிவைத்து அடித்திருக்கிறார்கள், வீட்டில் யாருக்குமே தெரியாது. மலையில் நண்பர்களோடு காளான் சாப்பிட்ட அன்று, குளிருகிறதே என்று யாரோ கதவைத் தாழ் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் ஒன்றே போதுமாக இருந்தது. பனியில் செருப்பில்லாமல் ஓடியவனை விடியற்காலையில்தான் கண்டுபிடித்தார்கள். மூன்று வாரம் கழித்து என் அறைக்கு வந்தபோதுகூட நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்ந்தான். அவன் குளிப்பதற்காக அம்மா பாத்ரூம் கதவையே கழற்றிவிட்டுப் பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார். அவன் குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இது ஒருவனுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016இல், காளானால் மோசமான அனுபவம் கண்ட சுமார் 2,000 பேரிடம் விசாரித்தார்கள். அவர்களில் 39 சதவீதம் பேர் வாழ்க்கையின் ஐந்து மிகக் கஷ்டமான அனுபவங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். 11 சதவீதம் பேர் தங்களையோ மற்றவர்களையோ ஆபத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள்.

அப்புறம், காட்டில் பறித்துத் தருகிறவர் கையில் இருப்பது எந்தக் காளான், அதில் மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விஷக்காளானாக இருந்தால் கல்லீரலே போய்விடலாம். சைலோசிபின் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலும் வருகிறது.

உள்ளே எதுவும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள், காளான் யோசனை வந்ததையும் சேர்த்து. மாத்திரை மட்டும் போதாமல் இருக்கலாம். அதிர்ச்சிக்கென்றே உள்ள சி.பி.டி., இ.எம்.டி.ஆர். என்ற பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. அதிலும் அந்த ரோட்டுக்குத்தான் திரும்பப் போவீர்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, கூட ஒருவர் இருக்க, கையைத் தூக்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: என் தம்பி இரண்டு மாதம் முன்பு இந்தக் காளானைச் சாப்பிட்டான். இப்போதும் சுவர் அசைகிற மாதிரி தெரிகிறதாம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா அக்கா என்று அழுகிறான்.
- ஒரு சகோதரி, வேலூர்

பதில்: சிலருக்கு இப்படிப் பார்வைக் கோளாறு நீடிப்பதுண்டு, மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. இது மட்டும் என்றால் பைத்தியம் இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். கஞ்சா உட்பட எந்தப் போதையும் இனி வேண்டாம், இப்போதைக்கு வண்டியும் ஓட்ட வேண்டாம். யாரோ பேசுவது கேட்கிறது, எல்லோரும் தன்னையே கவனிக்கிறார்கள் என்றோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்றோ சொன்னால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். போலீஸுக்குப் பயந்து என்ன சாப்பிட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், எந்த மருந்து கொடுப்பது என்பதை அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார்.